மெதெயினில் ஏழரை மணி வெயில்

"என்ரை அப்பாவை ஆரோ கடத்திப்போட்டினம்" என்றாள் தர்ஷினி. சொல்லிவிட்டு, தட்டிலிருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

கடத்தப்பட்டவரின் மகள் பிஸ்கட் சாப்பிடலாமா, கூடாதா என்று றோஸ்மலரின் மனதுக்குள் ஒரு சின்ன விவாதம் நடந்தது. பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். நித்திரை இல்லாத கண்கள். நேற்றிரவும் சாப்பிட்டிருக்க மாட்டாள். றோஸ்மலர் தட்டை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனுக்குக் கிட்ட, ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சுலோச்சனாவின் அலுவலகம். கீழே கருவேப்பிலைப் பெட்டி வந்து இறங்கினால் மேலே வாசம் வரும். சுலோச்சனா திருச்சிக்காரர். பாதி வாழ்க்கையை ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், மற்றவர்கள் சொல்லும் பொய்யைத் தட்டிப் பார்ப்பதிலேயே கழித்தவர். ஓய்வு பெற்றதும் அதையே சொந்தத் தொழிலாக்கிக்கொண்டார். பொய் சொல்கிறவர்கள்மேல் அவருக்குக் கோபமே கிடையாது. "உண்மையைச் சும்மா சொல்லிடலாம் ரோஸ், பொய்க்குத்தான் உழைக்கணும்" என்பார்.

அவருக்கு உதவிக்கு இருக்கும் றோஸ்மலர், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரி. ஹீத்ரோவில் செக்‑இன் கவுன்டரில் இருந்தவள். ஒரு பயணியின் சூட்கேஸைப் பார்த்து அவள் அடித்த பகிடி ஒன்று மேலிடம்வரை போய், வேலையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அது நல்ல பகிடிதான் என்று இன்றைக்கும் வாதாடுவாள்.

"கடத்தினதுன்னு எப்படிச் சொல்றீங்க? முதல்ல இருந்து வாங்க" என்றார் சுலோச்சனா.

தர்ஷினி முதலில் இருந்து வந்தாள். லண்டனின் மறுகோடியில், செவன் கிங்ஸில் வீடு. அவள் மருந்தாளர். அம்மா இல்லை, அப்பா அம்பலவாணன் ரயில்வேயில் சிக்னல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற சனிக்கிழமை அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மத்தேயோ, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கொலம்பியாவில், மெதெயின் என்ற ஊரில் பிறந்து, சின்ன வயதிலேயே லண்டனுக்கு வந்தவன்.

"அப்பாவுக்கு அந்த ஊர்ப் பேரைக் கேட்டாலே ஆகாது. போதைமருந்து ஊர், சுடுபட்ட ஊர் எண்டு ஒரே கதை. மத்தேயோ முதல் முதல் வீட்டை வந்த அண்டைக்கே, 'உங்கட ஆக்களில எத்தினை பேர் உள்ளுக்கு இருக்கினம்?' எண்டு கேட்டவர்."

"மாப்பிள்ளை என்ன சொன்னார்?"

"'எங்கட அம்மாதான் எப்பவும் வீட்டுக்கு உள்ளுக்கு இருப்பா' எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சார். அப்பா சிரிக்கேல்லை."

"பிள்ளை, இந்தப் பெடியனை விட்டிடாத" என்றாள் றோஸ்மலர்.

"கடைசியில நான்தான் வாயைக் குடுத்தன். 'அந்த ஊர் இப்ப வேற அப்பா. ஒருக்கா நேர போய்ப் பாருங்கோ. பார்த்திட்டு வந்து வேண்டாம் எண்டு சொன்னியள் எண்டால், நான் எல்லாத்தையும் நிப்பாட்டுறன்' எண்டு சொல்லிப்போட்டன். அவரும் ரோசத்தில டூர் புக் பண்ணினார். ரெண்டு கிழமைக்கு முன்னம் போனவர்."

"போனதைப் பாத்தீங்களா?"

"எயார்போட்டுக்கு வர விடேல்லை. டாக்ஸியில போனவர்."

தர்ஷினி போனை நீட்டினாள். அப்பாவின் வாட்ஸ்அப். முதல் படம், ஒரு சுவர் நிறைய வரைந்த பெண்முகம், கூந்தலுக்குப் பதிலாகப் பறவைகள். கீழே: 'வந்து சேர்ந்திட்டன். ஊர் பரவாயில்லை.' இரண்டாவது படத்தில், செங்கல் வீடுகள் நெருக்கி அடித்த மலைச்சரிவில், செம்மஞ்சள் கூரை போட்ட எஸ்கலேட்டர் ஒன்று மேலே மேலே போனது. 'மலையில வெளிய எஸ்கலேட்டர் பூட்டியிருக்கிறாங்கள். ஏழைச் சனம் ஏறுறதுக்காம். எங்கட ஸ்டேஷனில உள்ளுக்கு இருக்கிறதே வேலை செய்யுதில்லை.'

"அப்பா மாறத் தொடங்கியிட்டார் எண்டு எனக்குச் சரியான சந்தோஷம்" என்றாள் தர்ஷினி. "பிறகு பாருங்கோ. மத்தேயோவின்ரை சித்தி கிளோரியா அங்கதான் இருக்கிறா. அப்பாவைச் சந்திக்கிறதுக்கு, கேபிள் கார் ஸ்டேஷன் வாசலில பூவோட போய் நிண்டிருக்கிறா. ரெண்டு தரம். ரெண்டு தரமும் அப்பா போகேல்லை. வழி தவறிட்டுதாம். வீடியோ கால் எடுத்தால் தூக்கிறாரில்லை. சிக்னல் இல்லையாம். சிக்னல் எஞ்சினியர் சொல்லுற கதையோ இது? நேற்று இரவு இதை அனுப்பியிருக்கிறார்."

கடைசிச் செய்தி: 'வயிறு சரியில்லை. பிளைட் எடுக்க ஏலாது. எனக்காகக் காத்திருக்க வேண்டாம். கல்யாணத்தை நல்லபடியா நடத்துங்கோ.'

"என்ரை அப்பா வரமாட்டன் எண்டு சொல்லமாட்டார்" என்றாள் தர்ஷினி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோபம் எண்டாலும் வந்து முன் வரிசையில இருந்து கோபிப்பார். இது வேற ஆரோ எழுதுறாங்கள். இல்லாட்டி..."

இல்லாவிட்டால் என்ன என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளை இரவு முழுக்க விழிக்க வைத்திருந்தது என்று றோஸ்மலருக்கு விளங்கியது. வரமாட்டேன் என்று அப்பாவே எழுதியிருந்தால், அதைவிடக் கடத்தல் நல்லது.

"மாப்பிள்ளை வீட்ல யார் யாரு?"

"அம்மா மட்டும்தான். லூஸ் மரீனா. ஸ்பானிஷ் படிப்பிக்கிறா. நல்ல மனிசி. அப்பா அவவை ஒருக்காக்கூடச் சந்திக்க மாட்டன் எண்டிட்டார்."

"லூஸா?" றோஸ்மலரின் வாய் முந்திக்கொண்டது. "எங்கட பக்கம் இந்தப் பேரை வைச்சால் வாத்திமார் வகுப்பில இடாப்புக் கூப்பிடவே மாட்டினம்."

தர்ஷினி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சுலோச்சனா சிரிக்கவில்லை. போனை மூக்குக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு செய்தியாக மேலே தள்ளிக்கொண்டிருந்தார்.

"ரோஸ், 'வலு வடிவு'ன்னா என்ன?"

"நல்ல அழகு அக்கா. உங்கட ஊரில 'சூப்பர்'."

"கொலம்பியாவுல ஆளைக் கடத்துறவன் 'வலு வடிவு'ன்னு எழுதுவானா?"

"எழுதினால் அவன் எங்கட உரும்பிராயில இருந்து போனவனாத்தான் இருக்க வேணும்."

"அப்ப எழுதுறது உங்கப்பாதான்மா. கையில துப்பாக்கி வெச்சு மிரட்டி எழுத வெச்சா யாரும் இவ்வளவு ரசிச்சு எழுத மாட்டாங்க." சுலோச்சனா ஒரு படத்தில் நின்றார். "இது எப்ப வந்துச்சு?"

கேபிள் கார் கூண்டுக்குள் அம்பலவாணன் தன்னைத் தானே எடுத்த படம். பாதிப் படத்துக்கு முகம், மீதிக்கு வானம். கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறார். நெற்றியில் வெயில் பளபளக்கிறது. 'இப்ப இஞ்ச பின்னேரம் ஏழரை. கேபிள் காரில போறன். என்ன வெயில்! வலு வடிவு.'

"போன கிழமை. எங்களுக்கு நடுச்சாமம் தாண்டித்தான் வந்தது. அங்கத்த நேரத்துக்குச் சரியாத்தான் இருக்கு" என்றாள் தர்ஷினி.

"ரோஸ், பருத்தித்துறையில ஏழரை மணிக்கு வெயில் அடிக்குமா?"

"ஏழரைக்கோ? விளக்கு வைச்சு, தேவாரமும் பாடி முடிஞ்சிடும்."

"மெதெயினும் பூமியோட அதே இடுப்புலதான் இருக்கு. வருஷம் பூரா ஆறு, ஆறரை வாக்கில சூரியன் இறங்கிடும். ஜூன் மாசம் ஏழரை மணிக்கு நெத்தியில வெயில் அடிக்கிற ஊர் எது?"

றோஸ்மலர் ஜன்னலைப் பார்த்தாள். கீழே, போன கிழமை முழுக்க இரவு ஒன்பது மணிக்கும் வெயில் குறையாமல் தெருவில் பிள்ளைகள் பந்தடித்தது ஞாபகம் வந்தது.

"லண்டன்" என்றாள்.

"இங்கேயும் ஒரு கேபிள் கார் ஓடுது, தேம்ஸ் ஆத்துக்கு மேல. ஆறு தெரியாம வானத்தை மட்டும் பிடிச்சிருக்கார். நல்லா உழைச்சிருக்கார். ஆனா முப்பது வருஷமா லண்டன் வெயில்ல இருந்ததுல, நம்ம பக்கத்து இருட்டு எப்ப வரும்னு மறந்துபோச்சு. இன்னொண்ணு, சட்டைப் பையைப் பாருங்க."

பைக்கு வெளியே நீல உறையின் விளிம்பு எட்டிப் பார்த்தது. முதியவர்களுக்கான இலவச பஸ் பாஸ்.

"அது எங்கட அப்பாவும் குளிக்கப் போகேக்கையும் கொண்டுதான் போவார் அக்கா" என்றாள் றோஸ்மலர். "அதை வைச்சு ஒண்டும் சொல்ல ஏலாது."

"வெயிலை வெச்சுச் சொல்லிட்டேன். இது சும்மா ருசிக்கு."

தர்ஷினியின் முகம் முதலில் மலர்ந்தது. அப்பா உயிரோடு, லண்டனில். அடுத்த நிமிடமே வாடியது. "இஞ்சதான் இருக்கிறார். இருந்தும் என்ரை கல்யாணத்துக்கு வரமாட்டாராம்."

சுலோச்சனா செய்திகளையும் படங்களையும் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள சொல்றேன். வேலைக்குப் போங்க. போற வழியில சாப்பிடுங்க."

அவள் படி இறங்கியதும் றோஸ்மலர் சொன்னாள்: "நான் சொல்லட்டோ அக்கா? அந்த அப்பாவுக்கு ஆரோ ஒரு மனிசி இருக்குது. பேர் சோதி."

"எங்க பாத்த?"

"மூண்டாவது மெசேஜ். 'சோதி சொன்னா, முந்தி இந்தப் படியெல்லாம் ஏறி இறங்கி முழங்கால் தேஞ்சு போச்சுதாம். தமையன் காஸ் சிலிண்டரைத் தோளில வைச்சுக்கொண்டு ஏறுவாராம்.' டூரில வந்த ஆரோ தமிழ்ப் பொம்பிளை எண்டு பிள்ளை நினைச்சிட்டுது."

"டூர்ல வந்தவங்களுக்கு முந்தி எப்படி இருந்துதுன்னு தெரியாது ரோஸ். படி ஏறி முழங்கால் தேஞ்சவங்க அந்த ஊர்க்காரங்க. மெதெயின்ல பொறந்து, ஜோதின்னு பேர் வெச்ச ஒருத்தி." சுலோச்சனாவின் புருவம் சுருங்கியது. "யோசிக்கணும். இப்ப சாப்பாட்டைப் பாரு."

நாலாவது படம் ஒரு தட்டு. சோறு, அவரை, பொரித்த வாழைப்பழம், முட்டை, கால் வட்டமாய் ஒரு இறைச்சித் துண்டு. 'இங்கத்தச் சாப்பாடு. மூண்டு பேருக்குக் காணும்.' தட்டுக்குப் பின்னால் மஞ்சள் சுவர், அதில் வரைந்த கிளியின் வால். வாலுக்குக் கீழே ஒரு பிளக்.

"மூண்டு ஓட்டை" என்றாள் றோஸ்மலர். "பக்கத்தில சுவிட்ச். உது எங்கட வீட்டுப் பிளக்கெல்லோ!"

"கொலம்பியாவுல ரெண்டு கீறலா இருக்கும், பக்கத்துல சுவிட்ச் இருக்காது. கொலம்பியாச் சாப்பாடு, லண்டன் பிளக். எங்க போகணும்?"

"எலிஃபன்ட் அண்ட் காசில்" என்றபடி றோஸ்மலர் ஏற்கெனவே கைப்பையை எடுத்திருந்தாள். தென்னமெரிக்கச் சனம் கடை போட்டிருக்கும் இடம் அதுதான் என்று லண்டனில் எல்லாருக்கும் தெரியும்.

மதியம் தாண்டி அங்கே இறங்கினார்கள். பழைய ஷொப்பிங் சென்டர் நின்ற இடத்தில் கண்ணாடிக் கட்டிடங்கள் வானத்தை முட்டிக்கொண்டு நின்றன. அந்தக் கட்டிடத்தில் கடை வைத்திருந்த கொலம்பியர்கள் பலர் இப்போது ரயில் பாலத்து வளைவுகளுக்கு அடியிலும் பக்கத்துச் சந்துகளிலும் இருந்தார்கள்.

முதல் கடையில் சுவர் பச்சை. இரண்டாவதில் மஞ்சள்தான், ஆனால் கிளி இல்லை. இரண்டு கடையிலும் ஒன்றும் வாங்காமல் எட்டிப் பார்த்துவிட்டு வருவது மரியாதை இல்லை என்று றோஸ்மலர் உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்த எம்பனாடா வாங்கிச் சாப்பிட்டாள். "எங்கட பற்றிஸ்தான் அக்கா. கொஞ்சம் நல்லா வளர்ந்திருக்கு."

மூன்றாவது கடையின் கண்ணாடியில் கையால் எழுதிய ஓர் அட்டை தொங்கியது. பின்னேரங்களில் ஸ்பானிஷ் பேசிப் பழகும் மேசை, யாரும் வரலாம். உள்ளே மஞ்சள் சுவர். முழுக் கிளி. கிளிக்குக் கீழே பிளக். பிளக்குக்குப் பக்கத்தில், ஒரு காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, கைகளை ஆட்டி ஆட்டி 'தெ‑லெ‑ஃபே‑ரி‑கோ' என்று கேபிள் காரின் ஸ்பானிஷ் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார் அம்பலவாணன். முன்னால் பாதி தின்ற கேக்.

"கடத்தினவங்கள் ஆளை நல்லாத்தான் பார்க்கிறாங்கள்" என்றாள் றோஸ்மலர்.

மேசையில் வேறு நாலு பேர். நடத்திக்கொண்டிருந்தவர் குட்டை நரைமுடியும் பெரிய காதணியுமாக ஓர் அறுபது வயதுப் பெண். அம்பலவாணன் பிழை விட்டால் பேனாவால் மேசையில் தட்டினார். சரியாகச் சொன்னால் கேக் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார்.

"சோதி" என்று றோஸ்மலர் சுலோச்சனாவின் காதுக்குள் சொன்னாள். "நான் சொன்னனானெல்லோ."

சுலோச்சனா ஒரு காலி நாற்காலியை இழுத்து மேசையில் உட்கார்ந்தார். ஆசிரியை வரவேற்று, புதிதாய் வந்தவர்களுக்காக எல்லாரும் பேரையும் வந்த காரணத்தையும் சொல்லுங்கள் என்றார். அம்பலவாணனின் முறை வந்தது.

"ராஜு" என்றார் அவர், கூசாமல். "ஊர் பார்க்கிற ஆசை."

சுலோச்சனாவின் முறை வந்தது. தமிழிலேயே சொன்னார்: "நான் சுலோச்சனா. சனிக்கிழமை கல்யாணம் வெச்சிருக்கிற ஒரு பொண்ணு, அப்பாவைக் காணோம்னு அழுதுட்டு வந்துச்சு. அவரைத் தேடி வந்தேன்."

அம்பலவாணனின் கையிலிருந்த முள்ளுக்கரண்டி தட்டில் விழுந்தது.

வகுப்பு முடிந்தது. மற்றவர்கள் எழுந்து போய், ஆசிரியை கோப்பைகளோடு கவுன்டர் பக்கம் நகர்ந்த பிறகுதான் அம்பலவாணன் மேசைமேல் குனிந்தார்.

"தங்கச்சி, சத்தம் போடாதேங்கோ. அந்த மனிசிக்கு நான் ஆரெண்டு தெரியாது."

"சோதிக்கோ?" என்றாள் றோஸ்மலர். "அங்கிள், மகளின்ரை கல்யாணத்தை விட்டிட்டு இஞ்ச வந்திருந்து கேக் தின்னுறதுக்கு, அந்த மனிசி அவ்வளவு வடிவோ?"

அவர் முகம் சிவந்தது. "சீச்சீ! என்ன பிள்ளை கதைக்கிறாய்! அது..."

"ரோஸ், சும்மா இரு." சுலோச்சனா கவுன்டர் பக்கம் பார்த்தபடி சொன்னார். "ட்ரெய்ன்ல வர்றப்ப இதைத்தான் யோசிச்சிட்டே வந்தேன். ஸ்பானிஷ்ல லூஸ்னா வெளிச்சம். வெளிச்சத்தைத் தமிழ்ல எழுதினா ஜோதி. அது மாப்பிள்ளையோட அம்மா."

றோஸ்மலர் வாயை மூடினாள். அப்படி நடப்பது வருடத்தில் ஒரு முறை.

"லூஸ் எண்டு எழுத எனக்குக் கை வரேல்லை" என்றார் அம்பலவாணன் மெதுவாக. "மரியாதை இல்லாமல் கிடந்தது."

கதை வெளியே வந்தது. பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் இரத்தக்குழாய்க்குள் இரத்தம் கட்டியிருக்கிறது. மருந்து கொடுத்து, நீண்ட விமானப் பயணம் கூடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"மகள் மருந்தாளர். கால் எண்டு சொன்னால் அடுத்த நிமிசமே கல்யாணத்தைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு என்ரை கட்டிலடியில வந்து இருந்திருப்பாள். இல்லாட்டி, போக மனமில்லாமல் அப்பா சாட்டுச் சொல்லுறார் எண்டு நினைச்சிருப்பாள். ரெண்டும் எனக்குச் சரிவரேல்லை. நோர்பரியில செல்வரத்தினம் எண்டு என்ரை கூட்டாளி. அவன்ரை வீட்டில போய் இருந்தன். ஊரைப் பார்க்க ஏலாட்டி, ஊர்ச் சனத்தையாவது பார்ப்பம் எண்டு விசாரிச்சன். பெடியன்ரை தாய் இஞ்ச படிப்பிக்கிறா எண்டு அறிஞ்சன். பேரை மாத்திச் சொல்லி வந்து இருந்திட்டன். துப்பறியத்தான்."

"எங்கட பிழைப்பில கை வைக்கிறார் அக்கா" என்றாள் றோஸ்மலர்.

"என்ன கண்டுபிடிச்சீங்க?"

அவர் நீட்டியிருந்த காலைத் தடவினார். ஜூன் மாத வெக்கையில் முழங்கால்வரை இறுக்கமான காலுறை போட்டிருந்தார்.

"முதல் நாள் நான் கேட்டது, அங்க இன்னும் சுடுபாடு நடக்குதோ எண்டு. அவ கோபிக்கேல்லை. தன்ரை மலையைப் பற்றிச் சொன்னா. அந்த நாளில டாக்ஸிக்காரன் அடிவாரத்தோட இறக்கிப்போட்டுப் போயிடுவானாம். பிறகு பாருங்கோ, நகரத்துக்காரர் முதல் கேபிள் காரை எங்க கொண்டுபோய்ப் போட்டவங்கள் எண்டால், டூரிஸ்ட் போற இடத்தில இல்லை, ஆருமே போகப் பயப்பிட்ட மலையில. லைப்ரரி கட்டினது அங்க. எஸ்கலேட்டர் போட்டது இன்னொரு பொல்லாத மலையில. இண்டைக்கு வெள்ளைக்காரன் அங்க வரிசையில நிண்டு படம் எடுக்கிறானாம். 'எல்லாம் திருந்தியிட்டுதோ?' எண்டு கேட்டன். 'இல்லை, ஆனால் இப்ப எங்கட பிள்ளையள் தாங்கள் எந்த மலை எண்டு ஒளிக்கிறதில்லை' எண்டா."

அவர் நிமிர்ந்தார்.

"நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசில, எந்த ஊர் எண்டு கேப்பாங்கள். யாழ்ப்பாணம் எண்டு சொன்னால் அடுத்த கேள்வி, 'நீ குண்டு வைக்கிற ஆளோ?' பகிடி எண்டு நினைச்சுச் சிரிப்பாங்கள். எனக்கு வீட்டை வந்தும் சோறு இறங்காது. அதே கேள்வியைத்தான் நான் என்ரை மேசையில இருந்து, அந்தப் பெடியனிட்டக் கேட்டனான்."

றோஸ்மலர் கேக் துணுக்குகளை விரலால் ஒன்று சேர்த்தாள்.

"அப்ப கல்யாணத்துக்குப் போறதுக்கென்ன?" என்றார் சுலோச்சனா.

"எப்பிடிப் போறது? பார்த்திட்டு வந்து சொல்லுங்கோ எண்டவள். நான் பார்க்கேல்லை. ஊர்ப் படம் எல்லாம் அந்த மனிசி காட்டினதுதான், கேட்டு வாங்கினன். கிளோரியா எண்டவ ரெண்டு நாள் வெயிலில நிண்டிருக்கிறா. சனிக்கிழமை மண்டபத்துக்குள்ள கால் வைச்சால் முதல் கேள்வி அதுதான் வரும். இந்த அம்மாவும் என்னைக் கண்டு, ராஜு இஞ்ச என்ன செய்யிறார் எண்டு கேப்பா. சம்பந்தி பொய்யன் எண்டு தெரிஞ்சால், பிள்ளையை என்னெண்டு மதிப்பினம்?"

ஆசிரியை மூன்று கோப்பைக் கோப்பியோடு வந்தார். சுலோச்சனாவுக்கு ஒன்று, றோஸ்மலருக்கு ஒன்று. மூன்றாவதை அம்பலவாணன் முன்னால் வைத்து, ஆங்கிலத்தில் சொன்னார்:

"மருந்துக் குளிசை போட்டுக்கொண்டீர்களா, மிஸ்டர் அம்பலவாணன்?"

பேரைத் திக்காமல், முழுதாக, 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசம் காட்டாமல்தான், ஆனால் அன்பாகச் சொன்னார்.

அம்பலவாணன் கோப்பையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்கு..."

"முதல் நாளே தெரியும். தர்ஷினியின் பிறந்தநாள் படத்தில் கேக்குக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு நின்றீர்கள். மத்தேயோ எனக்கு அனுப்பியிருந்தான்." லூஸ் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ராஜு என்றீர்கள். சரி, என்னைப் பார்க்க வந்திருக்கிறார், பார்க்கட்டும் என்று விட்டேன். எனக்கும் உங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. என் மகன் போய் உட்காரப்போகிற வீடு அல்லவா? முதல் கிழமை எனக்கு உங்களைப் பிடிக்கவே இல்லை."

"பிறகு?" என்றார் அம்பலவாணன்.

"பிறகு, என் அண்ணன் காஸ் சிலிண்டர் சுமந்த கதையைச் சொன்னேன். அடுத்த நாள் வந்து, அவருக்கு இப்போது முதுகு எப்படி என்று கேட்டீர்கள். அந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். முதுகைப் பற்றி யாரும் கேட்டதில்லை."

"படம்? நான் படம் கேக்கேக்க..."

"எதற்கு என்று தெரிந்துதான் கொடுத்தேன். நல்லதாகத் தேடிக் கொடுத்தேன்." லூஸ் தோளைக் குலுக்கினார். "கிளோரியாவிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. அவளிடம் சொன்னால் மெதெயின் முழுக்கத் தெரிந்துவிடும். இரண்டு நாள் வெயிலில் நின்ற கோபத்தில், என்னோடு அவள் இப்போது பேசுவதில்லை."

றோஸ்மலர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அக்கா, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் துப்பறிஞ்சிருக்கினம். ரெண்டு பேரும் கேஸை முடிச்சிட்டினம். எங்களுக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சிருக்கு."

சுலோச்சனா முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு போனை எடுத்து அம்பலவாணன் பக்கம் நீட்டினார்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்னு உங்க பொண்ணுகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா நான் சொன்னா அது ரிப்போர்ட். நீங்க சொல்லுங்க."

அவர் போனை ஒரு முறை கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். அழைப்பு முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"சொல்லுங்கோ அன்ட்டி, கண்டுபிடிச்சிட்டியளோ?"

"பிள்ளை" என்றார் அம்பலவாணன்.

"அப்பா?" என்றாள் மறுமுனையில் தர்ஷினி.

"நான் எலிஃபன்ட் அண்ட் காசிலில நிக்கிறன். ஒண்டும் இல்லை, நல்லா இருக்கிறன். கால்தான் கொஞ்சம்..." அதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது. சுலோச்சனா கடை விலாசத்தை அவளுக்கு அனுப்பினார்.

ஒரு மணித்தியாலம் கழித்து கதவு திறந்தது. மருந்துக்கடை வெள்ளைக் கோட்டைக் கழற்றவும் மறந்து தர்ஷினி முன்னால் வந்தாள். பின்னால் உயரமாய், சைக்கிள் ஹெல்மெட்டோடு மத்தேயோ. தாயை அங்கே கண்டதும் அவன் அப்படியே நின்றான். தர்ஷினி யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து அப்பாவின் காலடியில் குந்தினாள். காலுறையை விரலால் அமத்திப் பார்த்தாள்.

"என்ன மருந்து தந்தவை?"

அவர் பேரைச் சொன்னார்.

"நேரத்துக்கு எடுக்கிறியளோ?"

"ஓம்."

"சாப்பாட்டோடயோ?"

"கேக்கோட."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். கடைக்காரர் கவுன்டருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, தமிழ் ஒரு சொல்லும் விளங்காமலே தலையை ஆட்டி ஆமோதித்தார். அம்பலவாணன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"நீங்கள் அந்த ஊரைப் பார்க்கேல்லை" என்றாள் கடைசியில். "பிறகு என்னெண்டு எனக்குப் பதில் சொல்லுவியள்?"

"பார்க்கேல்லைத்தான் பிள்ளை. ஆனால் வேண்டாம் எண்டு சொல்லுறதுக்கு என்னட்ட இப்ப ஒண்டும் இல்லை. இருந்ததெல்லாத்தையும் இந்த அம்மா பிடுங்கிப்போட்டா." பிறகு மத்தேயோவை நிமிர்ந்து பார்த்தார். ஆங்கிலத்துக்கு மாறினார். "முதல் நாள் உன்னட்டை ஒரு கேள்வி கேட்டனான் தம்பி. அது கேட்கக் கூடாத கேள்வி. எனக்கு அது தெரிஞ்சிருக்க வேணும்."

மத்தேயோ ஹெல்மெட்டை மேசையில் வைத்தான். தாயைப் பார்த்தான். அவர் உதவி செய்யவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போவோம் அங்கிள்" என்றான். "இந்தக் காலோடு இவ்வளவு நேரம் உட்காரக் கூடாது. ஒவ்வொரு மணிக்கும் எழுந்து கொஞ்சம் நடக்க வேண்டும்."

"டாக்டரும் அதைத்தான் சொன்னவர். நான் கேக்கேல்லை."

"இனி நான் சொல்லுவேன்."

அவன் கையை நீட்டினான். அம்பலவாணன் அந்தக் கையைப் பார்த்தார், அதைத் தாண்டி அவன் தோளைப் பிடித்து எழுந்தார். பாரம் முழுவதையும் அதில் வைத்தார். தர்ஷினி மறுபக்கம் வந்தாள். மூன்று பேருமாகக் கதவை நோக்கி, நாற்காலிகளை இடித்துக்கொண்டு, மெதுவாகப் போனார்கள். வாசலில் படி ஒன்று இருந்தது. "பாத்து" என்று தமிழில் சொன்னான் மத்தேயோ. எப்போது கற்றானோ.

லூஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார்.

சுலோச்சனா கைப்பையை மாட்டியபடி பக்கத்தில் பார்த்தார். "என்ன ரோஸ், ஒண்ணும் சொல்லலையா?"

றோஸ்மலரின் நாக்கு நுனியில் நல்ல பகிடி ஒன்று வந்து நின்றது. அதை அவள் அப்படியே விழுங்கினாள்.

"என்ரை ஷிப்ட் முடிஞ்சுது அக்கா" என்றாள்.